படம் பொறுக்குகிறேன் என்றாள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பம்பை எப்படி ஓட்டுவது, லேசரை எப்படி நேர் செய்வது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேட்டையும் நான்தான் எழுதினேன், ஆகவே அது சரியாகத்தான் இருக்கும். அதில் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். நான் பொறாமைக்காரன். ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதால் போய்விட்ட குணமல்ல அது.

போடியிலிருந்து குரங்கணி போகும் ரோட்டில் இருக்கும் நம் ஆய்வுக்கூடத்தை முதலில் திறந்தவன் நான். நிலம் இங்கே கிடைத்தது, இங்கே கட்டினார்கள், வேறு காரணம் எதுவும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரர் என்னிடம் கேட்டார்: "உள்ள என்ன சார் செய்றீக?" அணுக்களைக் குளிர வைக்கிறோம் என்றேன். "குளுர வைக்கத்தான் மெஷினா? அத மூணாறுல வச்சிருந்தா பாதி கரண்டு மிச்சமாயிருக்குமே!" என்றார். ஆறு வருஷம் அந்த மெஷினோடு மல்லுக்கட்டிய எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் பார்க்க ஆசைப்பட்டது என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், இந்தக் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. ருபீடியம் அணுக்களை ஏறக்குறைய அசைவே இல்லாத அளவுக்குக் குளிர வைத்தால் அத்தனையும் சேர்ந்து ஒரே அலையாகிவிடும். நடுவில் ஒளியால் ஒரு சுவரை எழுப்பி, இரு பக்கமும் தனித்தனியாக இரண்டு மேகங்களைக் குளிர வைக்கிறோம். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் இரண்டும் விரிந்து விழுந்து ஒன்றின்மேல் ஒன்று படியும். அப்போது படம் எடுத்தால் வரி வரியாகத் தெரியும். அந்த வரிகள் எந்த இடத்தில் விழுகின்றன என்பது இரண்டு மேகங்களுக்கும் இடையிலான கட்டத்தை, அதாவது ஓர் அலை மற்றதைவிட எவ்வளவு முந்தியோ பிந்தியோ நிற்கிறது என்பதைக் காட்டும். ஒரு படம் எடுத்ததும் அந்த மேகம் காலி, அடுத்த படத்துக்குப் புது மேகம்தான் செய்ய வேண்டும்.

சுவர் உயரமாக இருந்தால் இந்தப் பக்கத்து மேகத்துக்கும் அந்தப் பக்கத்து மேகத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒவ்வொரு படத்திலும் வரிகள் வேறு வேறு இடத்தில் விழும். சுவரைக் கொஞ்சம் இறக்கினால், அணுக்கள் ஏறிக் குதிக்காமலேயே சுவருக்குள் கசிந்து அந்தப் பக்கம் போய்வர ஆரம்பிக்கும். டன்னலிங் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தப் போக்குவரத்து இருந்தால் இரண்டு மேகங்களும் கட்டத்தில் ஒத்துப்போகும், எத்தனை தடவை புதிதாகச் செய்தாலும் வரிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழும். இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆறு வருஷமும் எனக்குக் கிடைத்தது வரியே இல்லாத ஒரு சாம்பல் உருண்டை.

பழியை ஜீப்புகள் மேல் போட்டேன். காலையில் எஸ்டேட்டுக்கு ஆளேற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்புகளால் தரை அதிர்கிறது, அதனால்தான் வரிகள் கலைகின்றன என்று முடிவு கட்டி, ரோட்டை மாற்றச் சொல்லி மனு எல்லாம் எழுதினேன். ஊரே சிரித்தது. நான் விடவில்லை.

அப்போதுதான் முத்தரசி வந்து சேர்ந்தாள். முனைவர் பட்டம் முடித்துவிட்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவள். மூன்று வருஷம் முடியும்போது ஒரு குழு வந்து பார்த்து, நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். அவளுடைய அப்பாவுக்கு இடுக்கிப் பக்கம் எஸ்டேட் வேலை, அம்மாவுக்கு போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. வந்த முதல் வாரம் மெஷினைத் தொடவே இல்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். இரண்டாவது வாரம் ஏலக்காய் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்து ஒரு கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"ஏசிக் காத்து நேரா கண்ணாடி மேல அடிக்குது சார். ஒளிச் சொவரு ஆடிக்கிட்டே இருக்கு. அதான் மறைச்சேன். ஜீப்பு பாவம் சார், அது என்ன செஞ்சுச்சு?"

அன்று மாலைக்குள் வரிகள் வந்துவிட்டன. சீப்பால் வாரி விட்டது போல அத்தனை தெளிவாக. எல்லாரும் கைதட்டினார்கள். கூடத்தைப் பெருக்கித் துடைத்து டீயும் போட்டுத் தரும் பாண்டியம்மா அக்கா அவளுக்குத் திருஷ்டி கழித்தார். நானும் கைதட்டினேன். உள்ளே வயிறு எரிந்தது. ஆறு வருஷம் கல்லும் மண்ணும் சுமந்து நான் கட்டிய வீட்டில் இவள் வந்து பால் காய்ச்சிவிட்டாளே! அதுவும் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டு! இதே குறையைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பெரிய கணக்கு ஏதாவது தேவைப்பட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பொறாமை எப்படி இருக்கும் என்று கேட்டால், மரியாதையாக இருக்கும் என்பேன். அவளை நான் ஒரு நாளும் திட்டியதில்லை. "நன்றாகச் செய்கிறாய்" என்பேன். கூட்டங்களில் அவள் பேசி முடித்ததும், "சின்னச் சந்தேகம்" என்று ஆரம்பிப்பேன். வெளியிலிருந்து யாராவது கூடத்தைப் பார்க்க வந்தால் அவளை ஏதாவது வேலையாக மதுரைக்கு அனுப்பி வைப்பேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் என்னைப் பார்த்ததும், "சார், சாப்ட்டீகளா? மொகம் வாடிப்போயிருக்கே," என்பாள். அவள் அக்கறையாகக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் எரியும்.

இப்படியே ஏறக்குறைய மூன்று வருஷம் ஓடி, குழு வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். அவள் கணினி முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அலமாரிக்குப் பின்னால் ஏதோ தேடிக்கொண்டிருந்தேன்.

"யம்மா, இன்னும் சோலி முடியல. நேத்து எடுத்த படத்தையெல்லாம் ஒக்காந்து பொறுக்கிக்கிட்டு இருக்கேன். ஆமா, பொக்கும் கெடக்கு. பொறுக்கித்தான ஆகணும்? நீ வெரசா போயி பஸ்சப் பிடி, எனக்குக் காத்திருக்காத."

பொறுக்குகிறாள்! எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. என் ஊர் ராசிங்காபுரம், எங்களுக்குக் கடலைக் காடு. எங்கள் வீட்டில் பொறுக்குவது என்றால் விதைக் கடலை பொறுக்குவது. முழுசாக, திரட்சியாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம், மிச்சத்தைச் செக்குக்குத் தள்ளிவிடுவோம். அப்படியானால் இவள் வரி நன்றாக விழுந்த படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தள்ளிவிடுகிறாள். அறிவியலில் இதைவிடக் கேவலமான வேலை உண்டா? அப்படி என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நேரே போய், "என்னம்மா பொறுக்குகிறாய்?" என்று கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. குழுக் கூட்டத்துக்காக அவள் பொதுக் கணினியில் வைத்திருந்த ஒரு நாள் படங்களை எடுத்தேன். சுவர் உயரமாக இருந்த நாள் அது. அத்தனை படங்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தேன். வரி ஒன்றுகூட இல்லை, வெறும் சாம்பல். ஆகா என்று அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்மேல் காறித் துப்ப வேண்டும். சுவர் உயரமாக இருந்தால் வரிகள் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழும் என்று சற்றுமுன் நானேதானே எழுதினேன்? ஒன்றில் கறுப்பு விழுந்த இடத்தில் இன்னொன்றில் வெள்ளை விழுந்தால், கூட்டிப் பார்க்கும்போது எல்லாம் அழிந்து சாம்பலாகத்தான் ஆகும். இங்கே வருவதற்கு முன்னால் இருபது வருஷம் இதை நான் கல்லூரி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தனிப் படத்தில் வரி இருப்பதும் சராசரியில் அது அழிவதும் அவள் சரியாகச் செய்திருக்கிறாள் என்பதற்கான அடையாளம். அது எனக்குத் தெரியும். தெரிந்ததை மறந்துபோக எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். என்னைவிட வயதில் மூத்தவர், வெளியூர்க்காரர், தப்பை மன்னித்தாலும் பொய்யை மன்னிக்காதவர் என்று பெயரெடுத்தவர். "படங்களைப் பொறுக்குகிறேன் என்று அவள் வாயாலேயே சொன்னதை நான் கேட்டேன் சார். என் பெயர் வெளியே வர வேண்டாம்," என்றேன். "அது உண்மையானால் இங்கே மட்டுமல்ல, வேறெங்கேயும் அவளுக்கு வேலை கிடைக்காது. தெரிந்துதான் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். "தெரிந்துதான் சார்," என்று சொல்லி, அந்தச் சாம்பல் படத்தையும் அவருக்கு அனுப்பி வைத்தேன்.

குழு வந்த அன்று காலையிலேயே மலையில் மழை. முத்தரசி அரக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூடத்தின் மூத்தவன் என்பதால் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். தலைவர் என் சாம்பல் படத்தை எடுத்து மேசைமேல் வைத்து, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அவள் பதறவே இல்லை.

"சராசரி எடுத்தா அழியத்தான் சார் செய்யும். ஒவ்வொரு மேகமும் புதுசு, கட்டம் வேற வேற. தனித்தனியாத்தான் பாக்கணும்."

"அது சரி," என்றார் தலைவர். என் ஆயுதம் மூன்றே வாக்கியத்தில் போயிற்று. அவர் அடுத்ததைக் கேட்டார். "படங்களைப் பொறுக்குகிறேன் என்று நீ சொன்னதாக எனக்குத் தகவல் வந்திருக்கிறது. சொன்னாயா?"

"ஆமா சார், சொல்லியிருப்பேன். பொறுக்கத்தான செய்றேன்?"

குழுவில் ஒருவர் பேனாவை மூடி வைத்தார். எல்லார் முகமும் ஏன் இறுகிப்போனது என்று புரியாமல் அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள், நம் சார் எடுத்துச் சொல்வார் என்பது போல. எனக்குள் பட்டாசு வெடித்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறைக்க மாட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

தலைவர் டீக்கு இடைவேளை விட்டார். என்னைத் தனியாக அழைத்து, "மெஷினை அறிந்தவர் நீங்கள்தான். அவளுடைய கோப்புகளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். கால் மணி நேரம்," என்றார்.

போய் அவள் கணினியைத் திறந்தேன். சுவரின் ஒவ்வோர் உயரத்துக்கும் ஒரு பெரிய கோப்புறை, அதற்குள் பதின்மூன்று சிறிய கோப்புறைகள். முதல் பன்னிரண்டுக்கும் எண்தான் பெயர். வரி எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதைப் பார்த்து, படத்தை அதற்கான எண்ணில் போட்டிருந்தாள். பதின்மூன்றாவதற்குப் பெயர் பொக்கு. லேசர் அணைந்துபோனது, மேகமே உருவாகாதது எல்லாம் அதில் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைத்திருந்தாள்.

கேமராவின் மூடி ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எண்ணிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவி உண்டு, நான் மாட்டியது. அதை யாராலும் பின்னால் திருப்ப முடியாது. ஒவ்வோர் உயரத்துக்கும் அதில் பதிவாகியிருந்த எண்ணையும் அந்தந்தப் பதின்மூன்று கோப்புறைகளிலும் இருந்த படங்களையும் ஒப்பிட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை. இன்னொரு தடவை எண்ணினேன். சரிபார்ப்பதற்காக அல்ல, ஒன்றாவது குறைந்துவிடாதா என்ற நப்பாசையில்.

அப்போது பாண்டியம்மா அக்கா டீ கொண்டு வந்தார். நம்மிடம் வருவதற்கு முன்னால் அவரும் ஏலக்காய் ஸ்டோரில் இருந்தவர் என்பது நினைவுக்கு வந்தது.

"ஏக்கா, ஸ்டோர்ல காய் பொறுக்குறதுன்னா என்ன செய்வீக?"

"இது என்ன சார் கேள்வி? முன்னால கொட்டுன காயி அம்புட்டையும் பொறுக்கணும். பெருசு ஒரு குமி, நடுத்தரம் ஒரு குமி, பொடி ஒரு குமி, வெடிச்சது, உள்ள விதையில்லாத பொக்குன்னு தனித்தனியா."

"வேண்டாததைத் தூக்கிப் போட மாட்டீகளா?"

"ஆத்தீ! ஒரு காயத் தூக்கிப் போட்டாலும் தொலஞ்சோம். கொட்டும்போது என்ன எடையோ, குமி எல்லாத்தையும் சேத்துப் போட்டா அதே எடை வரணும். அதுக்குப் பேருதான சார் பொறுக்குறது?" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

போடிக்கும் ராசிங்காபுரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்? அதற்குள் ஒரே சொல் தலைகீழாகிவிடுகிறது. எங்களுக்குப் பொறுக்குவது தள்ளுவதற்கு, அவர்களுக்குப் பொறுக்குவது ஒன்றையும் தள்ளாமல் இருப்பதற்கு. அந்தப் பெண் தன் அம்மாவின் வேலையை அப்படியே எடுத்து அணுக்களிடம் செய்திருக்கிறாள்.

கால் மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சுவரின் உயரம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். சுவர் உயரமாக இருந்த நாட்களில் பன்னிரண்டு குவியலும் கிட்டத்தட்டச் சமம். கொஞ்சம் இறக்கியதும் ஐந்தாவது குவியல் தடித்தது. இன்னும் இறக்கிய நாளில் ஐந்தும் அதன் இரு பக்கத்துக் குவியல்களும் மட்டும் நிறைந்து கிடந்தன, மற்றதில் ஒன்றிரண்டு படங்கள்தான். சுவருக்குள் கசிந்து போய்வந்து இரண்டு மேகங்களும் ஒத்துப்போகின்றன. என் வாழ்நாளெல்லாம் பார்க்கத் தவித்தது இதைத்தான். இன்னொருத்தியின் கணினியில், அவளிடம் திருட்டைத் தேடிக்கொண்டு போன இடத்தில் பார்த்தேன். அழுகை வந்தது. அப்போதும் பொறாமை போகவில்லை என்றால் நம்புவீர்களா? இதை முதலில் பார்த்தவள் அவள்தானே என்று வயிறு எரியத்தான் செய்தது.

திரும்பி நடந்தபோது என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. பொய் சொல்வது ஒன்று, அதற்கு எனக்குத் தைரியம் போதாது. உண்மையைச் சொல்வது ஒன்று. மூன்றாவதுதான் ஆபத்தானது: "முழுசாகப் பார்க்க இன்னும் அவகாசம் வேண்டும்." கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, அவகாசம் கொடுத்தால் அவள் வெளியே. என் கையில் ரத்தக்கறைகூட இருக்காது. கதவைத் தள்ளும்போது என் நாக்கில் அந்த வாக்கியம்தான் இருந்தது. உங்களுக்கும் என்றாவது ஒரு நாள் அந்த வாக்கியம் நாக்கில் வரும். அவகாசம் யாருக்காகக் கேட்கிறோம் என்று மட்டும் ஒரு தடவை யோசியுங்கள்.

"பார்த்தீர்களா?" என்றார் தலைவர்.

முத்தரசி கைகளைக் கோத்து மேசைமேல் வைத்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அந்த இடைவேளையில் யாரோ அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

"எல்லாப் படமும் இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை, இரண்டு தடவை எண்ணிவிட்டேன்," என்றேன். பொறுக்குவது என்றால் ஸ்டோரில் என்ன பொருள் என்பதையும் சொன்னேன். தலைவர் முகம் தெளிந்தது. பேனாவை மூடி வைத்தவர் மறுபடி திறந்தார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரத்தான் போனேன்.

"சார்," என்றாள் முத்தரசி தலைவரிடம். "அப்படிச் சொன்னது யாரு சார்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே."

தலைவர் முன்னால் இருந்த காகிதத்தைப் புரட்டினார். என்னைப் பார்க்கவும் இல்லை. என் பெயர் வெளியே வர வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றினார். நான் உட்காராமல் நின்றேன்.

"நான்தாம்மா," என்றேன். "அலமாரிக்குப் பின்னாலிருந்து கேட்டேன். சந்தேகத்தால் சொல்லவில்லை, பொறாமையால் சொன்னேன்."

கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எதுவும் செய்யவில்லை. தன் காகிதங்களை அடுக்கி நேராக வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "குட் மார்னிங் சார்," என்றாள். "தி வால் இஸ் ஸ்டேபிள் டுடே சார்," என்றாள். அவ்வளவுதான். நான் தமிழில் கேட்டேன், அவள் இங்கிலீஷில் பதில் சொன்னாள். பாண்டியம்மா அக்காவிடம் போடிப் பேச்சில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள், நான் உள்ளே வந்ததும் நிறுத்திக்கொள்வாள். அம்மா போன் செய்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். மரியாதையில் ஒரு குறை கிடையாது. கட்டுரையில் என் பெயரையும் போட்டாள். நான் ஓய்வு பெறும்வரை இரண்டு வருஷம் ஒரே மேசையில் வேலை செய்தோம். என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசவில்லை. வழியனுப்பு விழாவில்கூட, "விஷ் யூ எ ஹாப்பி ரிடையர்டு லைஃப் சார்," என்றுதான் கை கூப்பினாள்.

அவள்தான் இப்போது உங்களுக்குத் தலைமை. போன வாரம் இந்த எழுத்து விஷயமாகக் கூடத்துக்கு வந்திருந்தேன். நீங்கள் லேசரோடு போராடிக்கொண்டிருந்தீர்கள். வெளி வராந்தாவில் நின்ற எனக்கு அவள் குரல் கேட்டது: "ஏப்பா, காலையிலருந்து பட்டினியா கெடக்கீக? மொதல்ல போயிச் சாப்ட்டு வாங்க, சோலி எங்கயும் ஓடிப்போகாது."

உங்கள் நால்வர் மேலும் எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.